ஒரே தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொற்கள்: நுண்பொருளைப் பிரித்தறிவது எப்படி?

மெய்ப்புநோக்கர்:

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் செப்பனிட்டுத் தருவது என் பணி. எழுதுபவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இலக்கணத்தில் அவர்கள் அதிகம் பிழை விடுவதில்லை. சிக்கல் சொல்தேர்வில்தான் எழுகிறது. ‘என்வி’, ‘ஜெலஸி’ இரண்டும் நமக்குப் பொறாமை. ‘ஷேட்’, ‘ஷேடோ’ இரண்டும் நிழல். ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிக்கல்’ என்ற இரண்டையும் ‘வரலாற்று’ என்ற ஒரே அடையில் முடித்துவிடுகிறோம். இருமொழி அகராதியைப் புரட்டினால் அதுவும் இரண்டுக்கும் ஒரே பொருளைத் தந்து கைவிரித்துவிடுகிறது. இத்தகைய இணைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா என்பதே என் கேள்வி. பட்டியல்கள் வேண்டாம், இணையத்தில் அவை ஏராளமாகக் கிடக்கின்றன. நீங்கள் எவ்வாறு பிரித்தறிகிறீர்கள் என்பதை விளக்கினால் பயன்படும்.


சொல்வேட்டுவன்:

நீங்கள் குறிப்பிட்ட மூன்று இணைகளும் மூன்று வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே திறவுகோலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பொறாமையில் எத்தனை பேர் பங்கு பெறுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பிறரிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்று வருந்துவது ‘என்வி’. அதற்கு இருவர் போதும். தன்னிடம் இருப்பதை மூன்றாமவர் பறித்துக்கொள்வாரோ என்று அஞ்சுவது ‘ஜெலஸி’; காதலிலும் பதவியிலும் அது அதிகம் தென்படுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் ‘ஜெலஸ்’ என்ற சொல் முதல் பொருளையும் தாராளமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நண்பரின் புதிய வேலையைக் கண்டு ‘ஐ ஆம் ஸோ ஜெலஸ்’ என்பவரை யாரும் திருத்துவதில்லை. எதிர்த்திசையில் இது நிகழவில்லை. மனைவியின் மீது ஐயம் கொண்ட கணவனை ‘என்வியஸ் ஹஸ்பண்ட்’ என்று எவரும் சொல்வதில்லை. இந்த ஒருவழிப் போக்கு பல இணைகளில் உண்டு என்பதால், எந்தச் சொல் மற்றதன் இடத்தைப் பிடிக்க முடியும், எது பிடிக்க முடியாது என்று பார்ப்பதே நல்ல முதற்சோதனை.

நிழலைப் பொறுத்தவரை வடிவமே எல்லை. ‘ஷேடோ’வுக்கு உருவம் உண்டு, அது சுவரில் நகரும், ஒருவருடைய ஷேடோ என்று உடைமையாக்கிச் சொல்லலாம். ‘ஷேட்’ என்பது வெயில் படாத இடம். அதில் உட்காரலாம், ஆனால் அதற்கு உருவம் இல்லை.

மூன்றாவது இணை வேறு கதை. ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாற்றைச் சார்ந்தது என்பதோடு சரி. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் நிலைபெறத்தக்க சிறப்புடையது. கடந்த காலத்தில் நிகழ்ந்த அற்பமான வழக்கொன்றும் ஹிஸ்டாரிக்கல்தான், ஆனால் அது ஹிஸ்டாரிக் ஆகிவிடாது. இதே ஈறுகளைக் கொண்டு விதி வகுக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ‘எக்கனாமிக்’ பொருளாதாரம் சார்ந்தது, ‘எக்கனாமிக்கல்’ சிக்கனமானது. ‘கிளாசிக்’ தன் வகையில் சிறந்த முன்மாதிரி, ‘கிளாசிக்கல்’ செவ்வியல் மரபைச் சேர்ந்தது. ‘எலக்ட்ரிக் மோட்டார்’ என்கிறோம், படிப்பையோ ‘எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்’ என்கிறோம். ஒவ்வோர் இணையிலும் அந்த ஈறு வெவ்வேறு வேலையைச் செய்கிறது.


வேர்காண்போன்:

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் வந்து சேர்ந்தது எவ்வாறு என்பதை அறிந்தால் பாதித் தெளிவு கிடைத்துவிடும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவை, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சு நெடுங்காலம் நிலவியது. உழுபவரும் கைவினைஞரும் பழைய ஆங்கிலத்தையே பேசினர். திருச்சபையும் கல்வியும் இலத்தீனைக் கொண்டுவந்து சேர்த்தன; மறுமலர்ச்சிக் காலத்தில் அந்த வரத்து மேலும் பெருகியது. விளைவாக, ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குகளில் சொற்கள் அமைந்தன. ‘ஆஸ்க்’ நாட்டுச் சொல், ‘க்வெஸ்ச்சன்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டராகேட்’ நேரடியாக இலத்தீனிலிருந்து எடுக்கப்பட்டது. முதலாவது யாரும் யாரிடமும் செய்வது. இரண்டாவதில் சற்றே ஐயமும் அதிகாரமும் கலந்திருக்கின்றன. மூன்றாவதைக் கேட்டாலே காவல் நிலைய அறை கண்முன் வருகிறது. ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என்பனவும், ‘ரைஸ்’, ‘மவுண்ட்’, ‘அசெண்ட்’ என்பனவும் இதே வரிசையைச் சேர்ந்தவை. சொல்லின் வேரைப் பாருங்கள், அதன் மதிப்பு விளங்கும்.


திசைமாறி:

வேர்காண்போன் சொல்லும் வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து அவர் பெறும் அறிவுரையில்தான் மறுப்பு. வேர், சொல்லின் பிறப்பைச் சொல்லுமே தவிர இன்றைய நடத்தைக்குப் பொறுப்பேற்காது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லின் முன்னொட்டு இலத்தீனில் ‘உள்ளே’ என்ற பொருளைத் தருவது. ஆகவே அதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆனால் பொதுமக்கள் அதை எதிர்மறை முன்னொட்டாகக் கொண்டு ‘தீப்பற்றாதது’ என்று புரிந்துகொள்ளக்கூடும் என்ற அச்சத்தால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ‘ஃப்ளேமபிள்’ என்ற வடிவத்தையே பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. இரண்டு சொற்களும் ஒரே பொருளையே தருகின்றன. வேரை நம்பிப் பிரித்தவர்தான் தீயில் கைவைப்பார்.

‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தன்னலமற்ற நடுநிலையாளரை அது குறிக்க வேண்டும் என்றும், ஆர்வமற்றவரை ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்றே சொல்ல வேண்டும் என்றும் நடை நூல்கள் கண்டிப்புடன் கூறுகின்றன. எனினும் 17-ஆம் நூற்றாண்டில் முதற்சொல் ஆர்வமின்மையைக் குறித்தும் வழங்கியுள்ளது. வேறுபாடு வேரிலேயே இருந்ததில்லை. எழுதுவோர் காலப்போக்கில் உண்டாக்கிக்கொண்டது.


வேர்காண்போன்:

வேரைப் பொருளுக்கு அளவுகோலாக நான் முன்வைக்கவில்லை, நண்பரே. ஒரு சொல் எந்த அவையில் பேசத்தக்கது என்பதை ஊகிக்க அது உதவும் என்பதே என் கருத்து. ‘இன்டராகேட்’ என்பதை நண்பரிடம் நலம் விசாரிக்கும் இடத்தில் ஒருவர் எழுதினால், அங்கே பிழைபடுவது பொருளைவிடத் தொனியே.


ஏட்டுவாசி:

தொனி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருபொருட் பன்மொழிகளுக்கிடையே உள்ள நுண்ணிய எல்லைகளை வரையறுப்பது நமக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரத்தற் பொருளில் வருவன என்று கூறும் தொல்காப்பியம், ‘ஈ’ தாழ்ந்தோன் கூற்று, ‘தா’ ஒத்தோன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று என்று அடுத்தடுத்துப் பிரிக்கிறது. மூன்றிலும் நிகழும் செயல் ஒன்றே. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவு மட்டும் மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘பெக்’, ‘ஆஸ்க்’, ‘டிமாண்ட்’ ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள்; முழுவதும் ஒத்துவராது எனினும் அதே ஏணி புலப்படும்.

அதே நூலின் கிளவியாக்கத்தில், வருதலும் தருதலும் தன்மை முன்னிலை இடங்களுக்கு உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்ற விதியும் உண்டு. ‘பிரிங்’, ‘டேக்’ என்ற இணையில் தடுமாறுவோர் இதைக் கொண்டே அதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பேசுபவர் அல்லது கேட்பவர் இருக்கும் இடம் நோக்கி ஒரு பொருள் வந்தால் பிரிங். அவ்விருவரும் இல்லாத இடத்துக்குப் போனால் டேக். நாம் தொலைபேசியில் ‘நான் அங்கே வருகிறேன்’ என்று சொல்வதும், ஆங்கிலேயர் அதே இடத்தில் ‘கோ’ என்னாமல் ‘கம்’ என்பதும் ஒரே காரணத்தால்தான். ஆங்கில இலக்கண வகுப்பில் இதை ஏன் இப்படிச் சொல்லித் தருவதில்லை என்று நான் வியப்பதுண்டு.


தரவாளர்:

உரையாடல் சொற்பொருளைச் சுற்றியே செல்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலான தடுமாற்றங்கள் பொருளால் எழுவதில்லை, சேர்க்கையால் எழுகின்றன. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் எழுதினார். அக்கருத்தை ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கணினித் தரவகத்தின் (வழக்கிலுள்ள மொழியைத் திரட்டி வைத்த பெருந்தொகுப்பின்) துணையோடு செயல்படுத்தினார். 1987-இல் வெளியான கோபில்ட் அகராதி அதன் விளைவு.

‘பிக்’, ‘லார்ஜ்’ இரண்டும் பெரியது என்ற பொருளையே தருவன. ஆனால் ‘பிக் மிஸ்டேக்’ உண்டு, ‘லார்ஜ் மிஸ்டேக்’ காதில் உறுத்துகிறது. ‘லார்ஜ் நம்பர்’ இயல்பானது. மூத்த சகோதரி ‘பிக் சிஸ்டர்’; அவரை ‘லார்ஜ் சிஸ்டர்’ என்றால் உடல் பருமனைச் சொல்கிறீர்கள் என்று பொருளாகி வீட்டில் கலகம் மூளும். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’; மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் எவரும் அப்படிச் சொல்வதில்லை. இதற்கெல்லாம் தருக்கம் தேடுவது வீண்.

இன்னும் நுட்பமானது, சேர்க்கையால் சொல்லின்மேல் படியும் சாயம். ‘காஸ்’ (உண்டாக்குதல்) என்ற வினை நடுநிலையானது என்றே அகராதி சொல்லும். தரவகத்தில் தேடினால் அது விபத்து, நோய், சேதம், கவலை ஆகியவற்றோடு மிகுதியாகச் சேர்ந்து வருவதைக் காணலாம். ‘செட் இன்’ (தொடங்கி நிலைகொள்ளுதல்) என்ற தொடரையும் இவ்வாறே சின்க்ளேர் ஆராய்ந்தார்; பெரும்பாலும் அழுகலும் சோர்வும் குளிருமே ‘செட் இன்’ ஆகின்றன. இந்தச் சாயத்துக்குச் ‘செமாண்டிக் ப்ராசடி’ என்ற பெயர் 1993-இல் பில் லோ எழுதிய கட்டுரையால் பரவியது. தமிழில் ‘நேர்ந்தது’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். விபத்து நேர்ந்தது என்போம், அவமானம் நேர்ந்தது என்போம். பரிசு கிடைத்ததை ‘எனக்கு ஒரு பரிசு நேர்ந்தது’ என்று எழுத நம் கை தயங்கும். கட்டுரையாளர் ஒருவர் தம் திட்டம் முன்னேற்றத்தைக் ‘காஸ்’ செய்தது என்று எழுதும்போது ஆங்கில வாசகருக்கு அத்தகைய உறுத்தலே ஏற்படுகிறது. ‘பிரிங் அபவுட்’, ‘லீட் டு’ போன்றவை அந்த இடத்தில் பாதுகாப்பானவை.


செய்தியறை:

தரவாளர் கூறும் சாயத்தைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. அதைச் செய்தி எழுதுவோர் நாள்தோறும் எதிர்கொள்கிறார்கள். ஒருவர் பேசியதைப் பதிவு செய்யும்போது ‘செட்’ (கூறினார்), ‘கிளெய்ம்ட்’, ‘அட்மிட்டட்’, ‘பாயின்டட் அவுட்’ ஆகியவற்றை அழகுக்காக மாற்றி மாற்றிப் போடுவது ஒரு கெட்ட பழக்கம். செட் என்பது மட்டுமே நடுநிலையானது. கிளெய்ம்ட் என்றால் எழுதுபவருக்கு அதில் நம்பிக்கை குறைவு என்ற குறிப்பு வந்துவிடும். அட்மிட்டட் என்றதும் பேசியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். பாயின்டட் அவுட் என்றால், சொன்ன செய்தி உண்மை என்று எழுதுபவரே சான்றளித்துவிடுகிறார்.

இதைக் கண்டறிய எளிய சோதனை, வாக்கியத்தை எதிர்மறையாக்குவது. ‘அணை பலவீனமாக உள்ளது என்று அவர் கூறவில்லை’ என்றால் அணையின் நிலை பற்றி நமக்கு எதுவும் தெரியாது. ‘அணை பலவீனமாக உள்ளதை அவர் சுட்டிக்காட்டவில்லை’ என்றாலோ அணை பலவீனமானது என்பது அப்படியே எஞ்சி நிற்கிறது. ‘ரியலைஸ்’, ‘ரிக்ரெட்’ ஆகியவையும் இவ்வகையே; ‘பிலீவ்’, ‘திங்க்’ அவ்வாறல்ல. மொழியியலாளர்கள் பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும் 1970-இல் இவ்வினைகளைத் தனி வகையாகப் பிரித்து விளக்கினர்.

‘டினை’, ‘ரெஃப்யூட்’ இணையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டினை செய்பவர் இல்லை என்று மட்டும் சொல்கிறார். ரெஃப்யூட் செய்பவர் சான்று காட்டிப் பொய்ப்பிக்கிறார். குற்றச்சாட்டை மறுத்த ஒவ்வோர் அரசியல்வாதியும் அதை ரெஃப்யூட் செய்துவிட்டார் என்று எழுதினால், வழக்கை நாமே தீர்த்துவைத்தவர்களாகிறோம். இச்சொல் இன்று வெறும் மறுப்பையும் குறிக்கத் தொடங்கியிருப்பதை அறிவேன். இருந்தாலும் என் மேசையைக் கடந்து அது போகாது.


இளங்கற்போன்:

பெரியவர்களின் விளக்கத்துக்கு நடுவே ஒரு சிறு ஐயம். ‘ஃப்யூவர்’, ‘லெஸ்’ வேறுபாடு உண்மையில் கட்டாயமானதா? எண்ணக்கூடியவற்றுக்கு ஃப்யூவர் என்று படித்தேன், ஆனால் ‘லெஸ் தேன் ஃபைவ் மினிட்ஸ்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.


திசைமாறி:

அந்த விதி, 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தமது விருப்பமாகக் கூறியதிலிருந்து வளர்ந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆல்ஃபிரட் மன்னர் எண்ணக்கூடியவற்றுக்கும் ‘லெஸ்’ஸின் பழைய வடிவத்தை எழுதியிருக்கிறார். ஐந்து நிமிடம் என்பதை ஐந்து தனித்தனிப் பொருள்களாக எண்ணாமல் ஒரு கால அளவாகவே மனம் கொள்கிறது. தொலைவும் பணமும் எடையும் அவ்வாறே. ஆகவே அங்கே லெஸ் சரி. தேர்விலும் அலுவல் கடிதத்திலும், எண்ணக்கூடிய ஆட்களுக்கும் பொருள்களுக்கும் ஃப்யூவர் எழுதுங்கள். தேவையற்ற வாதம் தவிரும்.


கணிநிரலர்:

இதுவரை பேசியவை பழக்கத்தால் உருவான எல்லைகள். சில துறைகள் எல்லையைத் தாமே ஆவணமாக எழுதிவைக்கின்றன. அங்கே மொழியுணர்வை நம்பிச் செயல்பட முடியாது. இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்காக 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம், ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகிய மூன்றையும் வரையறுக்கிறது. மஸ்ட் என்றால் விலக்கே இல்லை. ஷுட் என்றால், தக்க காரணம் இருந்து, விளைவுகளை முழுமையாக எடைபோட்ட பிறகு விலகலாம். மே என்றால் செய்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். இவற்றைச் சாதாரணப் பேச்சுப் பொருளிலும் எழுதுவார்களே என்ற குழப்பம் எழுந்ததால், முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதப்படும்போது மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள் பொருந்தும் என்று 2017-இல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவுபடுத்தியது. தமிழில் மஸ்ட், ஷுட் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே பெயர்த்துவிட்டால் நெறிமுறையே மாறிவிடுகிறது.

அளவியலில் ‘ஆக்யூரசி’, ‘பிரிசிஷன்’ அப்படிப்பட்டவை. நூறு கிராம் எடைக்கல்லை ஒரு தராசு மூன்று முறையும் 103.1, 103.0, 103.1 என்று காட்டினால் அதற்குப் பிரிசிஷன் உண்டு, உண்மை மதிப்போடு பொருத்தம் இல்லை. பாடநூல்கள் அந்தப் பொருத்தத்தை ஆக்யூரசி என்கின்றன. ஆனால் 1994-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5725 தரநிலை அதற்கு ‘ட்ரூனஸ்’ என்று தனிப்பெயரிட்டு, ட்ரூனஸ், பிரிசிஷன் ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாக ஆக்யூரசியை நிறுத்துகிறது. கட்டுரையாளர் எந்த மரபைப் பின்பற்றுகிறார் என்று தெரியாமல் திருத்துநர் கைவைக்கக் கூடாத இடம் இது.


சட்டவரைவர்:

சட்டத்திலும் அதே நிலைதான். ‘தெஃப்ட்’ பிறர் பொருளைத் திருடுவது; ‘ராபரி’ அதை வன்முறையாலோ அச்சுறுத்தலாலோ செய்வது; ‘பர்க்ளரி’ குற்றம் செய்யும் நோக்குடன் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைவது. எதையும் எடுக்காமலே பர்க்ளரி நிகழ முடியும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இலக்கணத்திலும் ஒரு பிரிவு உண்டு: ‘ஸ்டீல்’ என்ற வினையின் செயப்படுபொருள் திருடுபோன பொருள், ‘ராப்’ என்பதன் செயப்படுபொருள் பறிகொடுத்த ஆளோ இடமோ. ‘வங்கியை ஸ்டீல் செய்தார்கள்’ என்று எழுதினால் கட்டடத்தையே தூக்கிச் சென்றதாகிவிடும்.


மெய்ப்புநோக்கர்:

அனைவருக்கும் நன்றி. தற்போது என் முன் இருக்கும் ஒரு வாக்கியத்தை இங்கே வைக்கிறேன். ஒரு நோய்க்கும் ஒரு பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர், ‘திஸ் ரிசல்ட்ஸ் இன்ஃபர் தட்’ என்று தொடங்கி, அந்தப் பழக்கம் நோயை உண்டாக்குவது ‘ப்ரூவ்’ ஆகிவிட்டது என்று முடிக்கிறார். ‘திஸ்’ஸை ‘தீஸ்’ ஆக்கிவிட்டேன். மற்றவற்றில் எவ்வளவு தூரம் தலையிடலாம்?


செய்தியறை:

இன்ஃபர் நிச்சயமாக மாற வேண்டும். ஊகித்து அறிவது மனிதர் செய்யும் செயல். முடிவுகள் தாமாக ஊகிப்பதில்லை, அவை குறிப்பாக உணர்த்துகின்றன. ஆகவே முடிவுகள் ‘இம்ப்ளை’ செய்கின்றன, படிப்பவர் இன்ஃபர் செய்கிறார். ஆய்வுக் கட்டுரை என்பதால் இம்ப்ளைக்குப் பதிலாக ‘சஜஸ்ட்’ அல்லது ‘இண்டிகேட்’ இன்னும் இயல்பாக அமையும். சஜஸ்ட் மென்மையானது, வேறு விளக்கத்துக்கும் இடம் வைப்பது. இண்டிகேட் அதைவிட உறுதியானது. ‘டெமான்ஸ்ட்ரேட்’ என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டதாகப் பொருள்.


தரவாளர்:

‘ப்ரூவ்’ கணிதத்துக்கு உரியது என்று பல இதழாசிரியர்கள் அதை ஒதுக்குவார்கள். ஆனால் இங்கே சிக்கல் அதற்கு அடுத்த சொல்லில் இருக்கிறது. அவர் மக்களைப் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வை மட்டும் செய்திருந்தால், பழக்கமும் நோயும் ஒன்றாகக் காணப்பட்டன என்பதற்கு மேல் சொல்ல உரிமையில்லை. அதற்குரிய சொல் ‘அசோசியேட்டட் வித்’. ‘காஸ்’ என்று எழுதியதும் அவர் செய்யாத ஆய்வொன்றின் முடிவை அறிவித்தவராகிறார். சொல்லைத் திருத்துவதற்கு முன்பு, ஆய்வு முறை என்ன என்று அவரிடம் கேளுங்கள். பதில் நான் நினைப்பதுபோல் இருந்தால், ‘தீஸ் ரிசல்ட்ஸ் சஜஸ்ட் தட் தி ஹாபிட் இஸ் அசோசியேட்டட் வித் தி டிசீஸ்’ என்று முடித்துவிடலாம்.


மெய்ப்புநோக்கர்:

கேட்டுவிட்டேன். கணக்கெடுப்பு ஆய்வுதான். ‘அசோசியேட்டட்’ என்பதை ஏற்றுக்கொண்டார். ‘சஜஸ்ட்’ தம் உழைப்பைக் குறைத்துக் காட்டுவதாகக் கருதி ‘இண்டிகேட்’ வேண்டும் என்கிறார். தொடர்பு இருப்பதை மட்டும் சொல்லும் வாக்கியத்துக்கு அந்த உறுதி மிகையாகாது என்பதால் விட்டுக்கொடுத்துவிட்டேன்.